கையடக்க லினக்ஸிலிருந்து கடைக் கம்ப்யூட்டருக்கு: ஆர்டிபியா, விஎன்சியா, ரஸ்ட்டெஸ்க்கா?

கடையில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். அதில் டேலி, பில்லிங், சரக்குக் கணக்கு எல்லாம் இருக்கிறது. உங்கள் கையில் ஸ்டீம் டெக், பைன்ஃபோன், யூகன்சோல் மாதிரி லினக்ஸ் ஓடும் சின்னக் கருவி. மார்த்தாண்டத்துக் கடையை நாகர்கோவில் வீட்டில் உட்கார்ந்தோ, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நின்றோ திறந்து பார்க்க வேண்டும். இப்படித் தூரத்திலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்து இயக்குவதுதான் ரிமோட் டெஸ்க்டாப். ஆர்டிபி மைக்ரோசாஃப்டின் சொந்த முறை, விஎன்சி திரையைப் படமாக அனுப்பும் பழைய பொது முறை, ரஸ்ட்டெஸ்க் அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள். எது நல்லது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். நீங்கள் நுழையும் நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் ஆள் இருப்பாரா? அதில் இருப்பது விண்டோஸ் ஹோமா, புரோவா?

ஆள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஆர்டிபி சரிப்படாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். நீங்கள் ஆர்டிபியில் உள்ளே போன நொடியில் கவுண்டர் திரை பூட்டுத் திரைக்குப் போய்விடும். நீங்கள் வெளியே வந்த பிறகும் அது தானாகத் திறக்காது. கவுண்டரில் இருப்பவர் பாஸ்வேர்டு போட்டுத்தான் திறக்க வேண்டும். பில் போட ஆள் வரிசையாக நிற்கும்போது இது நடந்தால் கடைக்காரப் பையன் அந்தப் பக்கம் யாரோ ஹேக் செய்துவிட்டதாகவே நினைப்பான். ரஸ்ட்டெஸ்க், விஎன்சி இரண்டும் அப்படி இல்லை. இருவரும் ஒரே திரையைப் பார்ப்பீர்கள், ஒரே மவுஸைப் பங்கு போடுவீர்கள். ஆகவே கடை திறந்திருக்கும்போது நுழைவதாக இருந்தால் ரஸ்ட்டெஸ்க், கடை அடைத்த பிறகு என்றால் ஆர்டிபி. ஆனால் ‘கடை அடைத்த பிறகு’ எல்லா வியாபாரத்துக்கும் இரவு கிடையாது. தோவாளை பூக்கடை விடியுமுன்னே சுறுசுறுப்பாக இருக்கும், அங்கே மத்தியானம்தான் காலி நேரம்.

விண்டோஸ் ஹோம் என்றால் பேச்சே வேண்டாம், அதில் ஆர்டிபி சர்வர் கிடையாது. ஹோமிலிருந்து வெளியே இணையலாம், வெளியிலிருந்து ஹோமுக்குள் வர முடியாது. ஆர்டிபி ராப்பர் போட்டு ஏமாற்றலாம் என்று யூடியூபில் சொல்வார்கள். விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் அது உடையும், ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று பிடிக்கும். பணக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அதை வைக்காதீர்கள். ஹோமுக்கு ரஸ்ட்டெஸ்க் போதும். எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டின் இலவசப் பதிப்பும் சொந்த உபயோகத்துக்கு மட்டும், கடைக்கு அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

திரை

ஸ்டீம் டெக்கின் எல்சிடி மாடல் 7 அங்குலம், 1280×800. யூகன்சோல் 5 அங்குலம், 1280×720. பைன்ஃபோன் 720×1440, அதுவும் நிமிர்ந்த திரை. கடையில் இருக்கும் மானிட்டரோ 1920×1080. விஎன்சியும் ரஸ்ட்டெஸ்க்கும் அந்த மானிட்டரில் தெரிவதைப் படமாக அனுப்பும், கருவி அதைச் சுருக்கிக் காட்டும். டேலியில் வவுச்சர் வரிசைகள் கோடு கோடாகத் தெரியும், எண்ணைப் படிக்கப் பெரிதாக்கி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்டிபி உங்கள் திரை அளவுக்கே விண்டோஸைப் புதிதாக வரையச் சொல்கிறது. சின்னத் திரைக்கு ஆர்டிபியின் உண்மையான பலம் இதுதான். வேகமெல்லாம் இதற்குப் பிறகு.

லினக்ஸிலிருந்து ஆர்டிபியில் இணைக்கும் மென்பொருள் ஃப்ரீஆர்டிபி. அதன் ‘சைஸ்’ ஆப்ஷனில் 1280×800 கொடுத்து, ‘ஸ்கேல்-டெஸ்க்டாப்’ ஆப்ஷனை 125-இல் வையுங்கள். விண்டோஸ் அப்போது 1024×640 இடத்தில் வரைகிற மாதிரி ஆகும், எழுத்து படிக்கும் அளவில் வரும். 150 போட்டால் எழுத்து இன்னும் தெளியும், ஆனால் இடம் 853×533 ஆகச் சுருங்கி, பெரிய டயலாக் பெட்டிகளின் ‘ஓகே’ பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். ஏற்கெனவே லாகின் ஆகித் திறந்து கிடந்த மென்பொருளில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பழைய ஸ்கேலில் திறந்தது. மூடித் திறந்தால் சரியாகும். ‘டைனமிக்-ரெசல்யூஷன்’, ‘ஸ்மார்ட்-சைசிங்’ இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது, ஒன்றுக்கொன்று ஆகாது. பைன்ஃபோனைப் படுக்கையாகத் திருப்பி 1440×720 என்று கொடுங்கள்.

மானிட்டரே இல்லாமல் சிபியு மட்டும் ஓடும் கம்ப்யூட்டர் என்றால் ரஸ்ட்டெஸ்க்கில் கறுப்புத் திரையோ மிகக் குறைந்த ரெசல்யூஷனோ வரும், ஏனென்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு வரைய இடம் இல்லை. எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்று செருகினால் தீர்ந்தது. ஆர்டிபிக்கு மானிட்டர் தேவையே இல்லை.

எழுத்து

கையடக்கக் கருவியில் ஆர்டிபி தோற்கும் இடம் கீபோர்டு. ஆர்டிபி அனுப்புவது எழுத்தை அல்ல, எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற ஸ்கேன்கோடை. உண்மையான கட்டை இருக்கும் யூகன்சோலுக்கு இது பிரச்சினை இல்லை. பைன்ஃபோன் மாதிரி ஃபோன்களின் ‘ஃபோஷ்’ முகப்பில் வரும் ஸ்க்வீக்போர்டு மாதிரி தொடுதிரைக் கீபோர்டு தனக்கென்று ஒரு கீமேப்பை வைத்துக்கொண்டு எழுத்தை அனுப்புகிறது, அதன் கட்டை எண்கள் வழக்கமான கீபோர்டின் எண்களோடு பொருந்த வேண்டும் என்பதில்லை. அதனால் ஆங்கில ‘ஏ’ அழுத்தினால் வேறு எழுத்தோ எண்ணோ விழும், சில கட்டை செத்துப்போகும். லாகின் பாஸ்வேர்டே தவறாகப் போய், பாஸ்வேர்டு மறந்துவிட்டதோ என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டை இணைப்பு விவரத்திலேயே கொடுத்து உள்ளே போய், நோட்பேடில் ஒரு வரி அடித்துப் பாருங்கள். ஃப்ரீஆர்டிபி 3-இல் ‘கேபிடி’ ஆப்ஷனில் ‘யூனிகோட்’ என்பதை ‘ஆன்’ செய்தால் ஸ்கேன்கோடுக்குப் பதில் எழுத்தாகவே போகும். எல்லா ஆர்டிபி சர்வரும் இதை ஏற்காது, லினக்ஸில் ஓடும் ஆர்டிபி சர்வரான எக்ஸ்ஆர்டிபிக்கு இணையும்போது தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

விஎன்சி கட்டை எண்ணை அனுப்பாமல் எழுத்தின் அடையாளத்தை அனுப்புவதால் தொடுதிரைக் கீபோர்டோடு ஒத்துப்போகும். ஆனால் வெட்டி ஒட்டுவதில் விஎன்சி காலை வாரும். அதன் பழைய கிளிப்போர்டு லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்து வரிசையை மட்டும் அறிந்தது. தமிழில் எழுதிய முகவரியை ஒட்டினால் அந்தப் பக்கம் வரிசையாகக் கேள்விக்குறி விழும். விரிவாக்கிய கிளிப்போர்டு இரண்டு பக்கமும் இருக்கிற புதிய டைகர்விஎன்சி போன்றவற்றில்தான் தமிழ் முழுசாகப் போய்ச் சேரும். ஆர்டிபியில் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ் தட்டச்சுக்கு ஒரே விதி: ஆர்டிபி என்றால் கையில் இருக்கும் கருவியில் ஆங்கில யுஎஸ் கீபோர்டை வைத்துக்கொண்டு, தமிழ் 99-ஐ விண்டோஸ் பக்கம் மட்டும் ஆன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் தமிழ் போட்டால் எந்தக் கட்டை எந்த எழுத்து என்று யாருக்கும் தெரியாது.

ஸ்டீம் டெக்கில் இருப்பவர்களுக்கு: டெஸ்க்டாப் மோடில் ஸ்டீம் பட்டனும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் கீபோர்டு வரும். வரவில்லை என்றால் ஸ்டீம் மென்பொருள் மூடிக் கிடக்கிறது. ஆர்2 இடது கிளிக், எல்2 வலது கிளிக்.

வழி

இணையவே இல்லை என்கிற புகாரில் பெரும்பகுதி ஆர்டிபி, விஎன்சி இரண்டின் குற்றமும் இல்லை. கடை ரவுட்டருக்கே வெளியிலிருந்து வழி இல்லை. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வான் ஐபி’, அதாவது இணையப் பக்கத்து முகவரி, பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன, வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டு செய்தும் பயன் இல்லை. மொபைல் டேட்டாவில் ஐபிவி4 என்ற பழைய வகை முகவரி பெரும்பாலும் இப்படித்தான்.

போர்ட் ஃபார்வர்டு செய்ய முடிகிறவர்களுக்கும் சொல்வது: ஆர்டிபியின் போர்ட் எண்ணான 3389-ஐ இணையத்துக்குத் திறக்காதீர்கள். இரவு பகலாக அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் உண்டு. 2019-இல் வெளியான புளூகீப் ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் விண்டோஸ் 7-க்குள் ஆர்டிபி வழியாக நுழைய விட்டது. விஎன்சி இன்னும் மோசம். பழைய விஎன்சி பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்து மட்டுமே கணக்கு, நீங்கள் இருபது எழுத்து வைத்தாலும் மீதியைத் தூக்கி எறிந்துவிடும்.

ஆகவே வழிக்கு ஒரு விபிஎன், அதாவது இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை: டெய்ல்ஸ்கேல், வயர்கார்டு இரண்டில் ஒன்று. சிஜிநாட் இருந்தால் டெய்ல்ஸ்கேல் எளிது, இரண்டு பக்கமும் தானே வழி தேடிக்கொள்ளும், கிடைக்காவிட்டால் ரிலே என்ற இடைச் சர்வர் வழியாகப் போகும். கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு அமைப்பு கட்டாயம். ஒன்று, ‘ரன் அனட்டெண்டட்’. இது இல்லாவிட்டால் யாராவது லாகின் செய்த பிறகுதான் டெய்ல்ஸ்கேல் எழும்பும். இரண்டு, அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் கீ எக்ஸ்பயரியை நிறுத்துங்கள். இயல்பாக 180 நாளில் சாவி காலாவதியாகும், அன்றைக்கு என்று பார்த்து நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள்.

ஸ்டீம் டெக்கில் டெய்ல்ஸ்கேல் நிறுவுவது சுற்றுவழி, ஏனென்றால் ஸ்டீம்ஓஎஸ்ஸின் ரூட் பகுதி வாசிக்க மட்டும். பூட்டைத் திறந்து, மென்பொருள் நிறுவும் பேக்மேன் கட்டளையில் போட்டாலும் அடுத்த சிஸ்டம் அப்டேட் அழித்துவிடும். வயர்கார்டுக்கு அந்தக் கவலை இல்லை. அது லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, நெட்வொர்க்மேனேஜர் அதன் கான்ஃபிக் ஃபைலை நேராக இம்போர்ட் செய்யும். ஆனால் வயர்கார்டுக்கு ஒரு முனையாவது வெளியிலிருந்து எட்டும்படி இருக்க வேண்டும். கடை இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் ஐபிவி6 இருந்தால் ரவுட்டர் ஃபயர்வாலில் யுடிபி 51820-ஐ அந்த ஒரு கம்ப்யூட்டருக்குத் திறந்தால் போதும். இல்லையென்றால் மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ், அதாவது பொது ஐபி உள்ள இணையச் சர்வர்.

டெக்கில் டெய்ல்ஸ்கேல் போடாமல், ஃபோனில் போட்டு ஹாட்ஸ்பாட் கொடுத்தால் ஆகாதா என்று பலரும் முயல்வார்கள். ஆகாது. ஆண்ட்ராய்டு ஃபோன் தன் விபிஎன்னைத் தனக்கு மட்டுமே வைத்துக்கொள்ளும், ஹாட்ஸ்பாட்டில் இணைந்த கருவியின் டேட்டா விபிஎன்னுக்கு வெளியே போகும்.

வயர்கார்டில் இரண்டு இடத்தில் சறுக்கல் வரும். லாகின் ஆகிறது, பிறகு கறுப்புத் திரையில் உறைந்து நிற்கிறது என்றால் எம்டியுதான், அதாவது ஒரு டேட்டா பாக்கெட்டின் உச்ச அளவுதான், காரணம். சின்னப் பாக்கெட் போகிறது, படத்தைச் சுமந்த பெரிய பாக்கெட் வழியில் விழுகிறது. வயர்கார்டு வழக்கமாக எடுப்பது 1420, மொபைல் டேட்டாவில் அதை 1280-க்கு இறக்குங்கள். இன்னொன்று, கடையும் நீங்கள் இருக்கும் வீடும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் பாக்கெட் கடைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே தேடும். கடை ரவுட்டரை 192.168.57 மாதிரி யாரும் வைக்காத வரிசைக்கு மாற்றிவிடுங்கள். பொது ஐபியைப் பகிரும் ‘நாட்’ ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தில், இணைப்பை உயிரோடு வைக்கும் ‘பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்’ 25 நொடி வையுங்கள்.

விபிஎன்னுக்குள் ஆர்டிபி போடுவதில் ஒரு லாபம் உண்டு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ரயிலில் இரணியல், குழித்துறை தாண்டும்போது டவர் மாறி உங்கள் ஐபி மாறினாலும் வயர்கார்டு அதோடு நகர்ந்துகொள்ளும். உள்ளே ஓடும் ஆர்டிபி சில நொடி நின்று அப்படியே தொடரும். விபிஎன் இல்லாத நேர் இணைப்பு அங்கேயே அறுந்துவிடும்.

அறுந்தால் எங்கே பார்ப்பது

கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் போகவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவைப்பது வழக்கம். டெர்மினலில் ‘என்சி’ கட்டளையை ‘விஇசட்’ ஆப்ஷனோடு, கடைக் கம்ப்யூட்டரின் ஐபியும் 3389-உம் கொடுத்து ஓட்டுங்கள். ‘ரெஃப்யூஸ்டு’ என்று உடனே பதில் வந்தால் கம்ப்யூட்டர் வரை போய்விட்டீர்கள், அங்கே ரிமோட் டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை. ‘டைம்டு அவுட்’ என்று இழுத்தடித்தால் வழியில் தொலைகிறது: விபிஎன் எழவில்லை, ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது கம்ப்யூட்டர் தூங்குகிறது. கடைக்குள்ளேயே நின்று சோதிக்கும்போது ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ வந்தால் அந்த ஐபியில் யாருமே இல்லை. ‘சக்சீடட்’ வந்த பிறகும் இணையவில்லை என்றால்தான் ஆர்டிபியைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்போது ஃப்ரீஆர்டிபி காட்டும் பிழையின் கடைசி வார்த்தைகளைப் படியுங்கள். ‘லாகான் ஃபெயிலியர்’ என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. இதில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் பின் நம்பர் போட்டுப் பழகியவர்கள். பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும், ஆர்டிபிக்குச் செல்லாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் என்றால் யூசர் பெயராக முழு ஈமெயிலும் அதன் பாஸ்வேர்டும் வேண்டும், கடைக் கம்ப்யூட்டரில் ஒரு முறையாவது பின் நம்பர் இல்லாமல் அந்தப் பாஸ்வேர்டால் நுழைந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்ட் நெட்வொர்க் வழியாக நுழையாது. சின்னக் கடைகளில் இதுதான் அதிகம்.

‘டிஎல்எஸ் கனெக்ட் ஃபெயில்டு’ என்றால் அந்தப் பக்கம் பழைய விண்டோஸ் 7 இருக்கிறதா பாருங்கள். லினக்ஸ் பக்கம் இணைப்பைப் பூட்டும் இன்றைய ஓபன்எஸ்எஸ்எல், அதன் பழைய பூட்டு முறையான டிஎல்எஸ் 1.0-ஐ மறுக்கிறது. ஃப்ரீஆர்டிபி 3-இல் ‘டிஎல்எஸ்’ ஆப்ஷனில் ‘செக்லெவல்’ 0 வைத்தால் இணையும். விபிஎன்னுக்குள் மட்டும் இதைச் செய்யுங்கள்.

‘சர்டிஃபிகேட் மாறிவிட்டது’ என்று எச்சரித்தால் பெரும்பாலும் ஆபத்து இல்லை. விண்டோஸ் தானே எழுதிக்கொள்ளும் ஆர்டிபி சர்டிஃபிகேட் 6 மாதத்துக்குத்தான் செல்லும், பிறகு புதிது வரும். இருந்தாலும் தேதியைப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை 4 வகைப் பலகை உள்ள கருவியில் தனிக் கடிகார பேட்டரி இல்லை. சார்ஜ் தீர்ந்து எழுந்ததும் பழைய தேதியில் நின்றால் எந்த சர்டிஃபிகேட்டும் தவறாகத்தான் தெரியும்.

பழைய ஆர்டெஸ்க்டாப் மென்பொருளை விட்டுவிடுங்கள். திரையைக் காட்டும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்க இன்றைய விண்டோஸ் கேட்கும் என்எல்ஏ சோதனையை அது, பெரிய அலுவலக நெட்வொர்க்குகளின் கெர்பராஸ் முறை வழியாக மட்டுமே செய்யும், வீட்டு, கடைக் கம்ப்யூட்டரில் கெர்பராஸ் ஏது? ‘கிரெட்எஸ்எஸ்பி’ என்ற பிழையோடு நின்றுவிடும். அதற்காக விண்டோஸில் என்எல்ஏவை அணைக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், ரெம்மினாவோ ஃப்ரீஆர்டிபியோ போட்டால் முடிந்தது.

கரண்ட்

ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. இரண்டும் பெய்கிற குமரி மாவட்டத்தில் கரண்ட் போய் வருவதைத் திட்டத்தில் சேர்க்காமல் ரிமோட் டெஸ்க்டாப் வைக்க முடியாது. கடைக் கம்ப்யூட்டரின் பயாஸில் ‘ஏசி பவர் லாஸ்’ என்ற அமைப்பை ‘பவர் ஆன்’ என்று மாற்றுங்கள், கரண்ட் வந்ததும் தானே எழும். விண்டோஸில் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்குங்கள். வேக் ஆன் லானை மட்டும் நம்பாதீர்கள். அந்த எழுப்பும் பாக்கெட் கடைக்குள்ளிருந்து யாராவது அனுப்ப வேண்டும், வெளியிலிருந்து நேராக வராது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வையுங்கள். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் வைத்துவிட்டு நெட் ஏன் போகிறது என்று தேடுவது வீண்.

கம்ப்யூட்டர் திரும்ப எழுந்து லாகின் திரையில் நிற்கும் நேரம்தான் ஒவ்வொரு மென்பொருளின் தரமும் தெரியும். ஆர்டிபி அங்கேயே இணையும். ரஸ்ட்டெஸ்க்கை முறையாக இன்ஸ்டால் செய்து சர்வீஸாக ஓடவிட்டு, நிரந்தர பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதுவும் இணையும். இன்ஸ்டால் செய்யாமல் ஃபைலைத் திறந்து மட்டும் ஓட்டியிருந்தால் லாகின் திரையும் வராது, இடையில் அட்மின் அனுமதி கேட்கும் பெட்டி வந்தாலும் உறைந்துவிடும்.

அந்தப் பக்கமும் லினக்ஸ் என்றால்

வேலை கட்டளையில் முடியும் என்றால் டெர்மினலை மட்டும் தூரத்திலிருந்து திறக்கும் எஸ்எஸ்எச் போதும், படம் எதற்கு? பேச்சிப்பாறை, கீரிப்பாறை மாதிரி மலையோரத்தில் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடத்தில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் தொடரும் மோஷ்ஷும், வேலையை அந்தப் பக்கமே திறந்து வைத்திருக்கும் டிமக்ஸும்தான் தாக்குப்பிடிக்கும். மோஷ் யுடிபி 60000 முதல் 61000 வரை போர்ட் கேட்கும். படம் வேண்டும் என்றால் விஎன்சியை எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள் விடுங்கள்: சர்வரின் 5901-ஐக் கருவியின் 5901-க்கு இழுத்து, வியூவரில் ‘லோக்கல்ஹோஸ்ட்:5901’ என்று கொடுங்கள். எக்ஸ்11விஎன்சி என்ற பழைய விஎன்சி சர்வர், லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலண்டில் ஓடாது. ஸ்வே மாதிரி டபிள்யூஎல்ரூட்ஸ் டெஸ்க்டாப்புக்கு வேவிஎன்சி, க்னோமுக்கு அதன் சொந்த ரிமோட் டெஸ்க்டாப், கேடிஇ பிளாஸ்மாவுக்கு 6.1 முதல் கேஆர்டிபி. எக்ஸ்ஆர்டிபி போட்டவர்களுக்குக் கறுப்புத் திரை மட்டும் வந்தால், அதே யூசர் நேர் மானிட்டரில் லாகின் ஆகியிருக்கிறாரா பாருங்கள். அவரை லாகவுட் செய்யச் சொல்லுங்கள், அல்லது ரிமோட்டுக்கென்று தனி யூசர் வையுங்கள்.

திரையை வீடியோவாக அனுப்பும் சன்ஷைன், அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் ஜோடியும் உண்டு. வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட் மாதிரி வரைபடம், விளையாட்டுக்கு அதற்கு இணை இல்லை. கணக்குப் பார்க்க அது வீண், திரை அசையாமல் நின்றாலும் வீடியோவாக ஓடி டேட்டாவையும் பேட்டரியையும் தின்னும். கையில் இருப்பது பைன்ஃபோன் மாதிரி மெலிந்த கருவி என்றால் ஆர்டிபியிலும் வால்பேப்பர், தீம் இரண்டையும் அணைத்து, நிறத்தை 16 பிட்டுக்கு இறக்குங்கள். எண்ணும் எழுத்தும் மட்டும் பார்க்கிற வேலைக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது.